சிரிப்பு ஷாட்

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்க சார். எனக்கு அந்தக் காத்து ஒத்துக்காது. போளூர் வரைக்கும் போறீங்களா? நல்லதாப் போச்சு. நான் செய்யாறுல இறங்கணும். வழி முழுக்கப் பேசிக்கிட்டே போகலாம். நீங்க பேச வேண்டாம், தலையாட்டினாப் போதும்.

என் மூஞ்சியை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? இருக்கும். ஆனா படுத்த வாக்குல பார்த்திருப்பீங்க. இப்போ பாருங்க, கண்ணை மூடறேன், வாயை லேசாத் திறக்கறேன், தலையை இந்தப் பக்கமாச் சாய்க்கறேன். இப்போ தெரியுதா? மூக்குல பஞ்சு இருந்தா இன்னும் சுலபமாத் தெரியும்.

சினிமாவுல நான் பிணம் சார். பேரு தணிகாசலம். கோடம்பாக்கத்துல பாடி தணிகாசலம்னு சொன்னாத்தான் தெரியும். பாடியில குடியிருக்கறவன்னு நினைச்சுக்காதீங்க, நான் இருக்கறது சாலிகிராமம். நாற்பது வருஷத்துல இருநூத்தி முப்பது தடவை செத்திருக்கேன். பண்ணையாரா செத்திருக்கேன், ரிக்‌ஷாக்காரனா செத்திருக்கேன். ஒரே படத்துல அண்ணனாவும் தம்பியாவும் ரெண்டு தடவை செத்திருக்கேன், நடுவுல மீசையை மட்டும் எடுத்துட்டாங்க.

சும்மா படுக்கறது ஒரு வேலையான்னு கேட்கறவங்க உண்டு. படுத்துப் பார்த்தாத்தான் தெரியும். ஒரு தடவை மகாபலிபுரத்துல ஷூட்டிங். நான் பாடையில இருக்கேன். ஒரு ஈ என் மூக்குல இடது ஓட்டை வழியா உள்ளே போயி, நிதானமாச் சுத்திப் பார்த்துட்டு, வலது ஓட்டை வழியா வெளியே வந்தது. நான் அசையலை. இன்னொரு தடவை ஷூட்டிங் பார்க்க வந்த ஒரு பெரிய டாக்டர் விளையாட்டா என் நாடியைப் பிடிச்சுப் பார்த்தார். பிடிச்சவர் முகம் வெளுத்துப்போச்சு. "யாராவது வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கப்பா"ன்னு சொல்லிட்டார். மேனேஜர் மயங்கி விழுந்து, அவரை எடுத்துக்கிட்டு ஓடினாங்க. ஒப்பாரிக்கு வந்த ஒரு அம்மா, அரக்கோணம் பக்கம், ஓடிப்போன தன் புருஷன் நான்தான்னு சொல்லி பேக்கப் ஆன பிறகும் என்னை விடவே இல்லை.

சிரிக்கறீங்க. பாதி பொய்னு நினைக்கறீங்க. பாதிதான் சார் பொய்.

ஆனா நான் பிணமாகறதுக்கா மெட்ராஸ் வந்தேன்? ஹீரோ ஆகறதுக்கு வந்தேன். இருபத்திரண்டு வயசு. தலையில இவ்வளவு முடி. ரெண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கி, ஒரு வழியா ஒரு வசனம் கிடைச்சுது. வாசல்ல வந்து நின்னு, "அம்மா, தந்தி"ன்னு சொல்லணும். அவ்வளவுதான். அந்த ரெண்டு வார்த்தையை நான் பதினஞ்சு நாள் ஒத்திகை பார்த்தேன். கோபமாச் சொல்லிப் பார்த்தேன், சோகமாச் சொல்லிப் பார்த்தேன். நான் குடியிருந்த சந்துல இருந்த அத்தனை பேருக்கும் தந்தி கொடுத்துட்டேன்.

அன்னைக்குக் காலையில காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு வாசல்ல நின்னேன். கேமரா என்னைப் பார்த்துது.

அந்தக் கேமராவோட கண்ணைப் பக்கத்துல பார்த்திருக்கீங்களா சார்? கறுப்பா, ஆழமா, கிணத்துக்குள்ள தண்ணி அசையற மாதிரி இருக்கும். அது கேட்கும். நீ யாரு, சொல்லு, உண்மையைச் சொல்லுன்னு கேட்கும். "ஆக்‌ஷன்"னாங்க. என் நாக்கு அண்ணத்துல போயி ஒட்டிக்கிச்சு. "அம்மா..." வந்தது. தந்தி வரலை. ஒன் மோர். "அம்மா..." ஒன் மோர். பதினெட்டு டேக் சார். அந்த அம்மாவா நடிச்சவங்க, "ஏம்ப்பா, நானே வாங்கிப் படிச்சுக்கறேன், கொடுத்துட்டுப் போ"ன்னாங்க.

டைரக்டர் தொப்பியைக் கழட்டித் தரையில அடிச்சார். "இவனை வெளியே துரத்து. வேண்டாம் நில்லு, தந்தியில செத்துப்போனவன் ஒருத்தன் இருக்கான் இல்ல, அதுல படுக்கப் போடு"ன்னார். படுத்தேன். கண்ணை மூடினேன். கண்ணை மூடினதும் கேமரா போயிடுச்சு சார். கேள்வி கேட்க யாரும் இல்லை. ஒரே டேக். யூனிட்டே கை தட்டிச்சு.

பயத்துக்கு மருந்து அன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன். கண்ணை மூடணும். மூச்சைக் குறைக்கணும். எது வந்தாலும் தானாப் போயிடும்.

டீ குடிக்கறீங்களா? காஞ்சிபுரத்துல பத்து நிமிஷம் நிப்பான். வேண்டாமா? சரி, எனக்கும் வேண்டாம். இறங்கினா மறுபடி ஏறத் தோணாது.

இதுல ஒரு சங்கதி உண்டு, வெளியே யாருக்கும் அதிகம் தெரியாது. சினிமாவுல ஒருத்தன் பிணமா நடிச்சு முடிச்சா, அவனை அப்படியே எழுந்து போக விட மாட்டாங்க. அபசகுனம். மாலையைக் கழட்டிட்டு உட்கார வெச்சு, கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்கச் சொல்லி, அதையும் படம் பிடிப்பாங்க. சிரிப்பு ஷாட். செத்தவன் சாகலைன்னு கேமராவுக்குக் கணக்குத் தீர்க்கறதுக்கு. அது படத்துல வராது, வெட்டிப் போட்டுடுவாங்க. வசனம் இல்லாததால எனக்கு அதுல பயம் இல்லை, பல்லைக் காட்டினாப் போதும். என் மூஞ்சியை முழுசா, கண்ணு திறந்த நிலையில, எவ்வளவு தடவை படம் பிடிச்சிருக்காங்க தெரியுமா? அத்தனையும் குப்பைக்கூடையில.

என் சம்சாரம் அம்சவேணிக்கு இந்தச் சிரிப்பு ஷாட்னா உயிர். செய்யாத்துக்காரி. கல்யாணம் ஆகும்போது எனக்கு முப்பத்தஞ்சு. நடிகர்னு சொல்லித்தான் கட்டி வெச்சாங்க. என்ன நடிகர்னு அவங்களும் கேட்கலை, நானும் சொல்லலை. முதல் தடவை தியேட்டருக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். திரையில நான் நெத்தியில காசோட படுத்திருக்கேன். பக்கத்து சீட்டுல என் கையை எடுத்துத் தன் மடியில வெச்சுக்கிட்டவ, படம் முடியற வரைக்கும் விடலை. இடைவேளையில முறுக்கு திங்கறதுக்குக்கூடக் கையைக் கொடுக்கலை சார்.

அப்புறம் ஒரு சட்டம் போட்டா. ஷூட்டிங் முடிஞ்சு வந்தா வாசப்படியிலயே நிக்கணும். உள்ளேயிருந்து வந்து, "என்னங்க, சிரிச்சீங்களா?"ன்னு கேட்பா. "சிரிச்சேன்"னு நான் சொல்லணும். சொன்னாத்தான் வழி விடுவா. பன்னிரண்டு வருஷம் சார். மழை பெஞ்சாலும் இதே கேள்விதான். "சிரிச்சீங்களா?" "சிரிச்சேன் தாயே, வழி விடு."

எங்களுக்குள்ள சண்டையே வந்தது கிடையாது. எப்படி வரும்? அவ அண்ணனுக்குச் செய்யாத்துல சிமென்ட் கடை. "வசனம் பேச வராதவருக்கு எதுக்குங்க சினிமா, அண்ணன் கடையில உட்காருங்க, மூணு பேரும் நிம்மதியா இருக்கலாம்"னு ஆரம்பிப்பா. உடனே பாய்ல சாய்ஞ்சுடுவேன். கண்ணு மூடிடும். மூச்சு குறைஞ்சுடும். அவ பேசிப் பார்ப்பா, உலுக்கிப் பார்ப்பா, ஒரு தடவை ஒரு சொம்புத் தண்ணியை மூஞ்சியில ஊத்தினா. நான் யாரு? அசைவேனா? கடைசியில பக்கத்துல உட்கார்ந்து அழுவா. அழுகை நின்னதும் எழுந்து சாப்பிடப் போவேன். அந்தத் தெருவுலயே எங்களை மாதிரி ஒற்றுமையான ஜோடி கிடையாது.

மகளுக்கு இது பெரிய விளையாட்டு. சுகந்தின்னு பேரு, ஒரே பொண்ணு. "அப்பா, செத்துப்போ"ம்பா. நான் விழுவேன். நெஞ்சு மேல ஏறி உட்கார்ந்து மீசையை இழுப்பா, கக்கத்துல கிச்சுகிச்சு மூட்டுவா, மூக்குக்குக் கீழே விரலை வெச்சுப் பார்ப்பா. நான் கட்டை. நேரம் ஆக ஆக அவ சிரிப்பு குறையும். உதடு பிதுங்கும். அழப்போற நேரம் பார்த்து, பட்டுனு கண்ணைத் திறந்து இளிப்பேன் பாருங்க! அப்படியே கழுத்தைக் கட்டிக்குவா. எவ்வளவு நேரம் ஆனாலும் அப்பா சிரிச்சுடும்னு அவளுக்குத் தெரியும். காத்திருக்கப் பழகிக்கிட்டா.

பாலாறு தாண்டிட்டோமா? ஒரு சொட்டுத் தண்ணி இல்லை பாருங்க. இருந்தா நான் நீந்தியே செய்யாறு போயிருப்பேன்.

இனிமே சொல்றதுல பொய் இல்லை சார். கலக்கத் தெரிஞ்சிருந்தாக் கலந்திருப்பேன்.

சுகந்திக்குப் பத்து வயசு. ஒரு சனிக்கிழமை. எனக்குப் பூந்தமல்லி பக்கம் ஒரு பங்களாவுல ஷூட்டிங், கூடத்துல படுக்க வெச்சிருக்காங்க. கடைசி ஷாட் முடிஞ்சதும் கேமராமேன், "ஃபிலிம் தீர்ந்துபோச்சு"ன்னார். "சார், சிரிப்பு ஷாட்"னேன். "நாளைக்குச் சேர்த்து எடுத்துக்கலாம்யா"ன்னு டைரக்டர் காருல ஏறிட்டார். இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல அன்னைக்கு ஒரு நாள்தான் சார் நான் சிரிக்காம வீட்டுக்கு வந்தேன். பஸ்ல வரும்போதே முடிவு பண்ணிட்டேன். கேட்டா, "சிரிச்சேன்"னு சொல்லிடணும். ஒரு வார்த்தைதானே? அவகிட்ட அது எனக்குத் தடங்கல் இல்லாம வரும்.

வாசப்படியில நின்னேன். அம்சவேணி வரலை. சுகந்திதான் வந்தா. வாய்மேல விரலை வெச்சுக்கிட்டு, ரகசியமா, "அப்பா, அம்மா உன்னைவிட நல்லா நடிக்குது. மத்தியானத்துல இருந்து சிரிக்கவே இல்லை"ன்னா.

அடுப்படியில கிடந்தா. பக்கத்துல அரிவாள்மணை, பாதி நறுக்கின கத்தரிக்காய். அது கறுத்துப்போயிருந்தது. குழந்தை மீசைக்குப் பதிலா அவ மூக்குத்தியை இழுத்துப் பார்த்திருக்கா. கிச்சுகிச்சு மூட்டியிருக்கா. அப்புறம் தட்டுல தானே சோறு போட்டுத் தின்னுட்டு, அம்மாவுக்கும் ஒரு தட்டு போட்டு மூடி வெச்சுட்டு, பக்கத்துல உட்கார்ந்து காத்துக்கிட்டு இருந்திருக்கா.

தெருமுனை டாக்டர் பையோட வந்தார். மாரடைப்புன்னார். "மத்தியானமே கூப்பிட்டிருந்தா ஏதாவது பார்த்திருக்கலாம்"னார். பக்கத்து வீட்டு நாகரத்தினம் அந்தக் குழந்தை தோளைப் பிடிச்சு உலுக்கி, "ஏண்டி, நான் இங்கேதானே இருந்தேன், ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா பாவி"ன்னா.

சுகந்தி அழலை. திரும்பி என்னைப் பார்த்தா.

அது கேமரா பார்வை சார். கறுப்பா, ஆழமா. அதே கேள்வி. சொல்லு, நான்தானா, சொல்லு. அடுப்படி வாசல் முழுக்க ஜனம். எல்லாரும் நான் என்ன சொல்றேன்னு பார்க்கறாங்க. ஒரு வரி. ஒரே ஒரு வரி சொல்லியிருந்தா முடிஞ்சுபோயிருக்கும். நாக்கு மேல போயி ஒட்டிக்கிச்சு. அம்சவேணி பக்கத்துலயே படுத்துட்டேன். கண்ணை மூடிக்கிட்டேன்.

மயக்கம்னாங்க. தண்ணி தெளிச்சாங்க, சோடா வாங்கி வந்தாங்க. நானும் மயக்கம்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். மூக்குக்குக் கீழே சின்னதா ஒரு விரல் வந்து கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போச்சு. அது தெரிஞ்சது.

பதினாறாம் நாள் அம்சவேணியோட தங்கச்சி வந்து குழந்தையைச் செய்யாத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. அங்கேயே வளர்ந்தா, படிச்சா, கல்யாணமும் ஆச்சு. இருபத்தோரு வருஷம் ஆச்சு. பார்க்கப் போனா காபி கொடுப்பா. "உடம்பு எப்படி இருக்கு?"ம்பா. நான் ஈ கதை சொல்லுவேன், டாக்டர் கதை சொல்லுவேன். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரிப்பார். அவ சிரிச்சதில்லை.

நான் யோசிச்சுப் பார்த்துட்டேன் சார். குழந்தை மேல என்ன தப்பு? என் மேலதான் என்ன தப்பு? எல்லாம் அந்த ஃபிலிம் ரோல். இன்னும் அஞ்சு அடி ஃபிலிம் இருந்திருந்தா நான் சிரிச்சிருப்பேன், அம்சவேணியும் இருந்திருப்பா. இதுதான் உண்மை. ஆனா படிச்ச பொண்ணுகிட்ட இதை எப்படிச் சொல்றது?

தூசி ஊர் தாண்டிடுச்சா? அப்போ இன்னும் அரை மணிதான்.

போன வாரம் மாப்பிள்ளை போன் பண்ணினார். புருஷோத்தமன், தங்கமான பிள்ளை, ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். பேத்தி தன்யாவுக்கு அஞ்சு வயசு. ஸ்கூல்ல ஏதோ விளையாட்டுப் பார்த்துட்டு வந்து, வீட்டுல தரையில விழுந்து, "அம்மா, நான் செத்துட்டேன்"னு கண்ணை மூடியிருக்கு. சுகந்தி அந்தக் குழந்தையை அடிச்ச அடியில உதடு கிழிஞ்சுபோச்சாம். அன்னைக்கிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை, சோறு இல்லை. குழந்தை கொஞ்சம் கண் அசந்தாப் போதும், ஓடிவந்து மூக்குல விரலை வெச்சுப் பார்க்கறாளாம். ஒரு மணி நேரத்துல பத்து தடவை. குழந்தை இப்போ தூங்கவே பயப்படுதாம்.

"மாமா, டாக்டர்கிட்ட காட்டியாச்சு, மாத்திரை கொடுக்கறாங்க. ஆனா அவ ஒண்ணுதான் சொல்றா, 'அன்னைக்கு அப்பா என்கிட்ட ஒண்ணுமே சொல்லலை, அப்போ தப்பு என்னுதுதானே?'ங்கறா. நான் ஆயிரம் தடவை இல்லைன்னு சொல்லிட்டேன். நான் சொன்னா எடுபடலை. நீங்க வந்து சொல்லணும் மாமா. ஒரே ஒரு வரி"ன்னார். எனக்கு மறந்துபோகும்னு வரியையும் அவரே சொல்லி, என்னை எழுதிக்கச் சொன்னார். இந்தாங்க பாருங்க, காலண்டர் தாள்ல எழுதி வெச்சிருக்கேன். 'அன்னைக்கு நடந்தது உன் தப்பில்லம்மா.'

போன்லயே சொல்லிடலாமேங்கறீங்க. அவரும் சொன்னார். உடனே அவகிட்ட கொடுத்தும்விட்டார். "சொல்லுப்பா"ன்னா. அந்த 'சொல்லு' இருக்கே, ஆக்‌ஷன்னு சொன்ன மாதிரி இருந்தது. "மெட்ராஸ்ல நல்ல வெயில்மா"ன்னு சொல்லி வெச்சுட்டேன்.

சார், ஒரு உதவி. உங்களை என் மகளா நினைச்சுக்கிட்டு ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டுமா? உங்க மீசையை நான் மறந்துடறேன். கொஞ்சம் இப்படித் திரும்புங்க. என்னைப் பாருங்க.

அன்னைக்கு...

இருங்க. ஒன் மோர்.

அன்னைக்கு... அன்னைக்கு...

நீங்க ரொம்ப உத்துப் பார்க்கறீங்க சார். ஒரு நிமிஷம், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றேன். அன்னைக்கு நடந்தது உன் தப்பில்லம்மா.

வந்துடுச்சு பார்த்தீங்களா! குரல்ல ஒரு நடுக்கம்கூட இருந்தது இல்ல? கண்ணை மூடினா நான் மகா நடிகன் சார். ஆனா மகளைப் பார்த்துக் கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னா நல்லாவா இருக்கும்? மறுபடி செத்துட்டேன்னு நினைச்சுக்குவா.

மாங்கால் கூட்ரோடா இது? டிரைவர் என்ன இப்படி விரட்டறான்? ஊருக்கு முன்னால போய்ச் சேர்ந்து என்ன செய்யப்போறானாம்?

போன் அடிக்குது. மாப்பிள்ளைதான். எடுக்கலை, பரவாயில்லை. பஸ் ஸ்டாண்டுல நிப்பாங்க. "சுகந்தியும் வரேன்னு சொல்றா மாமா, ரெண்டு வாரத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் தலை வாரிக்கிட்டா"ன்னு காலையிலயே சொன்னார். குழந்தையும் வரும்.

டிக்கெட்டா? அது உங்க கண்ணுல பட்டுடுச்சா? ஆமா, போளூர் வரைக்கும்தான் எடுத்திருக்கேன். ஒரு முன்ஜாக்கிரதை சார். வயசானவன், கண் அசந்துட்டா? போன மாசம் அப்படித்தான் அசந்துட்டேன், அதுக்கு முந்தின மாசமும். போளூர்ல இறங்கி ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுட்டு அடுத்த பஸ்ல திரும்பிடுவேன். இந்த கண்டக்டருக்கு என்னைத் தெரியும். உலுக்கிப் பார்ப்பார். நாலு உலுக்குக்கு மேல அவருக்கும் பொறுமை இல்லை.

பாலம் வந்துடுச்சு. ஊருக்குள்ள வந்துட்டோம்.

சார், நான் கொஞ்சம் சாய்ஞ்சுக்கறேன். உங்க தோள் மறைவுல இருந்தாப் போதும். பயப்படாதீங்க, உயிரோடதான் இருப்பேன். உதடு அசையாம எனக்குப் பேச வரும், மகாபலிபுரத்துல பழகினது. பஸ் நின்னுடுச்சா? வெளியே பாருங்க. ஒல்லியா ஒரு பொண்ணு, கையில குழந்தை, பக்கத்துல கண்ணாடி போட்ட ஒருத்தர். நிக்கறாங்களா?

சொல்லாதீங்க. வேண்டாம்.

ஜன்னல்கிட்ட வராளா? என்னைப் பார்த்துட்டாளா? நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். தூங்கறார்னுகூடச் சொல்ல வேண்டாம். என்ன அது, ஜன்னல் கம்பி வழியாக் கையை நீட்டறாளா? எதுக்கு? ஓ.

விரலா.

எட்டாது சார். நீங்க நடுவுல இருக்கீங்க. அதுக்குத்தானே உங்களை அங்கே உட்கார வெச்சேன்.

நாலாவது உலுக்கும் ஆச்சு. விசில் கேட்டுச்சு. வண்டி நகருது இல்ல? ஆமா, நகருது. இன்னும் அங்கேயே நிக்கறாளா? நிப்பா, நிப்பா. ரொம்பப் பொறுமைசாலி சார் என் பொண்ணு. சின்ன வயசுலயே அப்படித்தான். நான் சிரிக்கற வரைக்கும் அந்த இடத்தைவிட்டு நகரவே மாட்டா.